அக்காகிட்ட கேளுங்க: ‘ஓம்’ சொன்னா ஊர் போயிருமா?

கேள்வி: அக்கா, நான் இலங்கை மலையகத்துல, பொகவந்தலாவை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல பொறந்தவ. டொரொண்டோ வந்து நாலு வருஷமாச்சு. வேலையில கூட இருக்கவங்க முக்காவாசி யாழ்ப்பாணத்து ஆளுங்க, நான் வாய தொறந்தாலே ‘நீர் இந்தியாவோ?’ம்பாங்க. இந்தியாக்காரங்க கேட்டா ‘சிலோனா?’ம்பாங்க. விளக்கம் சொல்லி சொல்லி அலுத்துப்போயி நானும் அவங்க மாதிரியே ‘ஆமா’வுக்கு ‘ஓம்’, ‘ஓம், பிறகு கதைப்பம்’னு பேசப் பழகிட்டேன். போன வாரம் அம்மாகிட்ட போன்ல தெரியாம ‘ஓம் அம்மா’ன்னுட்டேன், அம்மா சிரிச்சாங்க, அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அதுலருந்து மனசே சரியில்ல. — வாசகி, டொரொண்டோ

பதில்: தங்கச்சி, ‘ஓம்’ சொன்னதுக்கெல்லாம் அழாதீங்க. எங்க ஸ்கூல்ல பாதி டீச்சர்மார் யாழ்ப்பாணம், கிளாஸ்ல ‘ஓம் சேர்’, லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீட்டுக்கு வந்தா ‘ஆமா’, டவுன் கடையில சிங்களம், பத்து வயசுலயே எங்க வாயில மூணு பேச்சு இருந்துச்சு. நம்ம பேச்சே அப்படி சேத்து சேத்து வந்ததுதானே. காலையில வேலை பிரிச்சுக் குடுக்குறத பெரட்டுன்னு சொல்றோமே அது வெள்ளக்காரன் பரேட், வீட்டு அறைக்குச் சொல்ற காம்பரா போர்த்துக்கீசுல இருந்து வந்தது, திண்ணைக்குச் சொல்ற இஸ்தோப்பு டச்சுக்காரன் விட்டுட்டுப் போனது. அதோட ஒரு ‘ஓம்’ சேந்தா ஒண்ணும் ஆயிடாது.

எனக்கு ஒரு அத்தை இருந்தாங்க. 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்து போட்டு, இந்தியாவுல இருந்து வந்த பரம்பரைன்னு, இவ்வளவு பேர் அங்க இவ்வளவு பேர் இங்கன்னு நம்ம மலையகத் தமிழ் ஆளுங்கள பங்கு பிரிச்சாங்கல்ல, 5,25,000 பேர் இந்தியாவுக்குன்னு எழுதினாங்க, அதுல போனவங்க. கப்பல் ஏற தலைமன்னாருக்குப் போற கோச்சியில, அதான் ரயில்ல, ஏத்திவிடப் போன எங்க ஆளுங்க அதுக்கு அழுகைக் கோச்சின்னே பேரு வச்சாங்க. அத்தை கோத்தகிரியில போயி மறுபடியும் கொழுந்துதான் எடுத்தாங்க. இங்க இருந்தவரைக்கும் கள்ளத்தோணின்னு ஏச்சு, அங்க போனா சிலோன்காரின்னு பேரு. ஆனா சாகுறவரைக்கும் ரயில கோச்சின்னுதான் சொன்னாங்க, பக்கத்து வீட்டுக்காரங்க சிரிப்பாங்க, அத்தை கண்டுக்கவே மாட்டாங்க.

நீங்க பேச்சை விடுங்க, ‘எவடம்?’னு, அதான் எந்த ஊருன்னு கேட்டா என்ன சொல்றீங்க? நெறைய பேர் ‘நுவரெலியா’ன்னு டூரிஸ்ட் போற ஊர் பேரை சொல்லிட்டு நழுவிடுறாங்க, அதுதான் எனக்குப் பிடிக்காது. தோட்டத்துப் பேரைச் சொல்லுங்க, அதுக்குள்ள உங்க டிவிசன் பேரையும் சொல்லுங்க. அவங்களுக்குப் புரியலன்னா புரியாம போகட்டும். அப்புறம் அம்மாவுக்கு இன்னைக்கே போன் போட்டு, எந்த நம்பர் மலையில கொழுந்து எடுக்குறாங்க, பெரட்டுல என்ன சண்டைன்னு கேளுங்க, அரைமணி நேரம் போகும், ‘ஓம்’ வந்தா வரட்டும்.

கேள்வி: அக்கா, எனக்கு லண்டன்ல சிட்டிசன்ஷிப் கிடைக்கப் போகுது. அப்பாகிட்ட சந்தோஷமா சொன்னேன், அவரு ‘அப்ப நம்ம நாட்டு பிரஜாவுரிமைய தூக்கிப் போட்டுட்டியா?’ன்னு கேட்டுட்டு போனை வச்சிட்டாரு. ஒரு பாஸ்போர்ட்டுக்கு இவ்வளவு கோவமா? — வாசகர், லண்டன்

பதில்: தம்பி, அது பாஸ்போர்ட்டு கோவம் இல்ல. 1948ல இலங்கையில குடியுரிமைச் சட்டம் வந்தப்ப நம்ம மலையகத் தமிழ் ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க நாடில்லாதவங்க ஆனாங்க, அடுத்த வருஷமே ஓட்டும் போச்சு. 2003ல வந்த சட்டத்துலதான் மிச்சம் இருந்தவங்களுக்கும் கிடைச்சுது. அந்த ஒரு துண்டு காகிதத்துக்கு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்ச தலைமுறை உங்க அப்பாது, நீங்க ‘ஈஸியா கிடைச்சிருச்சுப்பா’ன்னு சொல்லியிருப்பீங்க, அவருக்கு சுருக்குன்னு குத்தியிருக்கும்.

இப்ப விஷயத்துக்கு வாரேன். வேற நாட்டு குடியுரிமைய நாமளா கேட்டு எடுத்தா இலங்கை சட்டப்படி நம்மது தானா போயிடும், ஆனா இரட்டைக் குடியுரிமைக்கு வழி இருக்கு. லண்டன் பேப்பர் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே இலங்கைக் குடியுரிமைய வச்சிருக்க அப்ளை பண்ணலாம், வந்த பிறகுன்னா திரும்ப எடுக்க அப்ளை பண்ணலாம். பிரித்தானியாவும் ரெண்டு வச்சிருக்க விடும். தூதரகத்துல கேட்டு பாரத்தை வாங்குங்க. பிள்ளைங்க அங்க பொறந்தா ஒரு வருஷத்துக்குள்ள தூதரகத்துல பதிஞ்சிடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டா காரணம் சொல்லி மன்றாடணும். நீங்க இலங்கைப் பிரஜையா இருக்கும்போதே பொறந்து பதிஞ்சாதான் சுலபம், அதையும் மனசுல வச்சுக்கோங்க. பாரத்தைப் போட்டதும் ஒரு போட்டோ எடுத்து அப்பாவுக்கு வாட்ஸப்ல அனுப்புங்க. அவரு பதில் போடமாட்டாரு. லயம் பூரா காட்டுவாரு.

கேள்வி: டோஹாவுல எந்தக் கடையில தேயிலைத் தூள் வாங்கினாலும் ஊர்த் தேத்தண்ணி வாசம் வரல, ஏன்? — வாசகர், டோஹா

பதில்: நீங்க வெல கூடின தூளா வாங்குறீங்கபோல. நல்ல தூளெல்லாம் ஸ்டோர்ல, அதான் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில இருந்து நேரா கொழும்பு ஏலத்துக்குத்தான் போச்சு, லயத்துல நாம குடிச்சது டஸ்ட்டு, பொடித் தூளு தம்பி. மலிவா டஸ்ட் இருந்தா வாங்கி, தண்ணி நல்லா தளதளன்னு கொதிச்ச பிறகு ஊத்தி மூடி வச்சு வடிங்க. பால் வேணாம். சீனிய கோப்பைக்குள்ள போடாதீங்க, உள்ளங்கையில கொட்டிக்கிட்டு ஒரு நக்கு, ஒரு வாய் தேத்தண்ணின்னு குடிச்சுப் பாருங்க, ரூம்ல மத்தவங்க பாத்தா பாக்கட்டும்.