ஹட்டனில் 18 மாத ஊழியம்: ஓய்வு பெற்ற தம்பதிக்கு ஒரு பதில்

கேள்வி: நானும் என் மனைவியும் திருநெல்வேலியைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், வயது 66, 62. எங்கள் திருச்சபை 18 மாத ஊழியத்துக்காக எங்களை இலங்கையின் ஹட்டனுக்கு அனுப்ப விரும்புகிறது. செலவு எங்களுடையது. அங்கே எங்கள் அன்றாடம் எப்படி இருக்கும், எங்கே தங்குவது நல்லது?

பதில்: முதலில் விசாவை முடித்துவிடுங்கள். சுற்றுலா விசாவில் வந்து சமயப் பணி செய்வது சரியன்று. உங்களை அழைக்கும் சபையே கிறிஸ்தவ சமய அலுவல்கள் திணைக்களத்தின் சிபாரிசைப் பெற்று, வதிவிட விசாவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றை இலங்கையிலிருந்தே அனுப்பும் வழியையும் கேட்டறிந்துகொண்டு புறப்படுங்கள்.

தேயிலைத் தோட்டத்துக்குள் தங்க ஆசைப்பட வேண்டாம். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீட்டர் உயரத்தில் உள்ளது. இரவுக் குளிரைக் கம்பளி தாங்கும், ஆனால் ஏற்ற இறக்கத்தை முழங்கால் தாங்குமா என்பதே கேள்வி. வாடகையைப் பேசுவதற்கு முன் வீட்டு வாசலுக்கு எத்தனை படிகள் என்று கேளுங்கள். (இங்கே "கிட்டத்தான்" என்று சொல்பவருக்கு 200 படிகள் ஒரு பொருட்டே அல்ல.) நகரத்தில் இருந்தால் டிக்கோயா ஆதார வைத்தியசாலையும் அருகில் இருக்கும்.

உங்கள் நாளை நிர்ணயிக்கப்போவது சபையின் அட்டவணை அன்று, தோட்டத்தின் பெரட்டு, அதாவது தொழிலாளர் காலையில் கூடும் வேலைப் பிரிப்பு. காலையில் பெரட்டுக்களத்தில் வேலை பிரித்துக் கொடுத்தபின் மலைக்கு ஏறும் பெண்கள், மாலையில் மடுவம் என்ற கொட்டகையில் பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைக் கவனித்து, அடுப்பை மூட்டி, சற்று உட்காரும்போது ஐந்தரை மணியாவது ஆகிவிடும். ஆகவே பகல் முழுவதும் ஓய்வுக்கும் ஆயத்தத்துக்கும் உரியது; சந்திப்புகள் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலுமே நடக்கும். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குச் செல்லுமுன், துரை எனப்படும் தோட்ட முகாமையாளரின் அனுமதியை உள்ளூர்ச் சபையின் மூலம் பெற்றுக்கொள்ளுங்கள். காம்பராவில், அதாவது லயத்து வீட்டில், தேத்தண்ணி தந்தால் மறுக்காதீர்கள். கொழுந்து எடுக்கும் பெண்கள் உங்கள் மனைவியிடம் மனம்விட்டுப் பேசுவதுபோல உங்களிடம் பேசமாட்டார்கள் என்பதால், ஊழியத்தின் கனமான பாதி அவர் தோளில்தான் விழும். நீங்கள் திண்ணையில் காத்திருக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

மொழி ஒன்றுதானே என்ற எண்ணம் உங்களைத் தடுமாறச் செய்யக்கூடும். சொற்கள் சில வாரங்களில் பிடிபட்டுவிடும், வரலாறு அப்படியன்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தென்னிந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்ததால், அண்ணன் நீலகிரியின் கோத்தகிரியிலும் தம்பி ஹட்டனுக்கு அருகே கொட்டகலையிலுமாகப் பிரிந்த குடும்பங்கள் இன்றும் உள்ளன. எனவே "நம் ஊர்க்காரர்கள்" என்று உரிமையுடன் தொடங்காதீர்கள். 2023இல் தங்கள் வருகையின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்த இவர்கள், தங்களை மலையகத் தமிழர் என்றே அழைத்துக்கொள்ள விரும்புகிறார்கள்.

நீங்கள் ஆசிரியர்கள் என்று தெரிந்த மறுநாளே ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கும் சாதாரண தரப் பொதுப் பரீட்சைக் கணிதத்துக்கும் வகுப்பு எடுக்கும்படி பெற்றோர் வருவார்கள். தாராளமாக எடுங்கள், ஆனால் வகுப்பில் ஜெபமும் பிரசங்கமும் வேண்டாம். இங்குள்ள தமிழரில் பெரும்பாலோர் இந்துக்கள். பாடத்தைக் காட்டிச் சமயம் மாற்றுகிறார்கள் என்ற சந்தேகம் ஒருமுறை எழுந்துவிட்டால், உங்களுக்குப் பின் வருபவர்களுக்கும் அந்த லயத்தின் கதவு திறக்காது. இந்த இடத்தில் நான் கண்டிப்பானவன். சில சபையார் என்னோடு உடன்படுவதில்லை.

தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை நீடிக்கும். அக்காலத்தில் துணி உலராது, ஒற்றையடிப் பாதைகளில் அட்டைகள் காலில் ஏறும். தெரிவு உங்கள் கையில் இருந்தால் ஜனவரியில் வந்து சேருங்கள். மழை வருமுன் பாதைகள் பழகிவிடும்.