அவையில் பேசாதவர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலுள்ள போர்ட் டால்பட் உருக்காலை பற்றிய உங்கள் கட்டுரையில், ஊருக்குப் பெயர் தந்த கிறிஸ்டோஃபர் டால்பட்டை மதிப்போடு குறிப்பிட்டிருந்தீர்கள். அறுபது வருடம் எம்.பி.யாக இருந்தவர் ஜன்னலைச் சாத்தச் சொன்னதைத் தவிர அவையில் எதுவும் பேசவில்லை என்கிறார்களே. பரம்பரைச் சொத்தில் வாழ்ந்த ஒரு நிலப்பிரபுவுக்கு ஏன் இந்த மரியாதை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஜன்னல் விஷயம் செவிவழிக் கதை. ஆனால் அவர் பேச்சாளர் அல்ல என்பது உண்மைதான். 1830இல் கிளாமர்கன் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனவர், 1890 ஜனவரியில் இறக்கும்வரை எம்.பி.யாகவே இருந்தார்.

சுமார் 34,000 ஏக்கர் நிலம் அவருடையது. குத்தகைப் பணத்திலேயே சொகுசாகக் காலம் தள்ளியிருக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கிய இந்த மனிதர் துறைமுகத்திலும் ரயிலிலும் இறங்கினார். அபெராவனில் எழுந்த புதிய துறைமுகம் 1836 சட்டத்தின்படி போர்ட் டால்பட் ஆனது. தென் வேல்ஸ் ரயில்வே கம்பெனிக்கு அவர்தான் தலைவர், புருனெல் பொறியாளர். 1850இல் ஸ்வான்சீ வரை ரயில் ஓடியது. அன்று ரயில் பாதை போட ஒவ்வொரு கம்பெனியும் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் வாங்க வேண்டும். நிலமும் பதவியும் ஒரே கையில் இருந்தவருக்கு அங்கே மேடைப்பேச்சு தேவைப்படவில்லை. என் மரியாதை இந்த வேலைக்குத்தான்.

அதே சமயம் என்னை உறுத்துவது அவருடைய மௌனம் அல்ல, போர்ட் டால்பட்டுக்குப் பக்கத்திலிருந்த மார்கம் கிராமம். 1830களில் அங்கே பெரிய மாளிகை கட்டினார். பக்கத்திலிருந்த பழைய கிராமத்தை அகற்றி, மக்களை க்ரோஸ் என்ற புது ஊரில் குடியேற்றினார். நல்ல வீடுகள்தான். அன்றைய அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையில் சேராத மெதடிஸ்ட் கிறிஸ்தவர்களுக்கு எண்கோண வடிவில் ஒரு சிற்றாலயம் எழுப்ப இடமும் கொடுத்தார். ஆனால் போகமாட்டோம் என்று சொல்ல அந்த மக்களுக்கு என்ன வழி இருந்தது? 1970களில் எம்4 நெடுஞ்சாலைக்காக க்ரோஸையும் இடித்தார்கள். ஆலயத்தை மட்டும் கல் கல்லாகப் பிரித்து வேறிடத்தில் கட்டினார்கள்.

அப்புறம், 1872 வரை ஓட்டு ரகசியம் கிடையாது. யாருக்கு ஓட்டு என்பதை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். 1868 தேர்தலுக்குப் பின் வேல்ஸின் வேறு மாவட்டங்களில், நிலப்பிரபுவின் விருப்பத்தை மீறி லிபரல் கட்சிக்கு ஓட்டுப் போட்ட குத்தகைக்காரர்கள் நிலத்தைவிட்டே வெளியேற்றப்பட்டார்கள். டால்பட் லிபரல் கட்சிக்காரர். இந்தப் பழியை அவர்மேல் போட மாட்டேன். ஆனால் ஒரு எம்.பி. அறுபது வருடம் யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்க முடிந்தது இப்படிப்பட்ட ஏற்பாட்டில்தான்.

பிரபுப் பட்டம் தேடி வந்தபோது வேண்டாம் என்றவர் அவர். ஒரே மகன் தியோடர் 1876இல் இறந்துவிட, சொத்து மகள் எமிலிக்குப் போனது. 1890களில் துறைமுகத்தைப் பெரிதாக்கி, நிலக்கரிப் பள்ளத்தாக்குகளோடு ரயிலால் இணைத்த முயற்சிக்குப் பின்னால் இருந்தது எமிலியின் பணம். பெண் என்பதால், நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுப் போடும் உரிமைகூட அவருக்கு இல்லை. அடுத்து அவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.