ரீபூட் ஆன பிறகும் நிற்குமா? லினக்ஸ் சர்வர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் ஒரு புலம்பல் திரும்பத் திரும்ப வந்தது: "நேற்றுவரை நன்றாகத்தான் ஓடியது, ரீபூட் செய்ததும் போய்விட்டது." அதனால் அந்தப் பக்கம் சாயும் கேள்விகளையே எடுத்துக்கொண்டேன். கட்டளைகளின் பெயரை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். சர்வரில் வேலை செய்பவர்களுக்கு அடையாளம் தெரியும்.

கேள்வி: எங்களிடம் இரண்டு சர்வர்கள் இன்னும் சென்ட்ஓஎஸ் 7-இல் ஓடுகின்றன. ஒரு தொந்தரவும் இல்லை. மாற்றித்தான் ஆக வேண்டுமா? மாற்றினால் எதற்கு?

மாற்றித்தான் ஆக வேண்டும். ரெட்ஹேட் நிறுவனத்தின் லினக்ஸை அடியொற்றி இலவசமாகக் கிடைத்த சென்ட்ஓஎஸ்ஸில், 7-ஆம் பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. அதன் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட ஒவ்வொரு ஓட்டையும் உங்கள் சர்வரில் அப்படியே திறந்து கிடக்கிறது. தொந்தரவு இல்லை என்பது இதுவரை யாரும் அந்தப் பக்கம் வரவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது.

சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் என்ற பெயரைப் பார்த்துப் பழைய சென்ட்ஓஎஸ்ஸின் தொடர்ச்சி என்று நினைத்துவிட வேண்டாம். பழையது ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் வெளிவந்த பிறகு அதைப் பின்தொடர்ந்து வந்தது. ஸ்ட்ரீமோ ரெட்ஹேட்டின் அடுத்த சிறு பதிப்புக்கு முன்னால் ஓடுகிறது. பழைய சென்ட்ஓஎஸ்ஸின் இடத்தை இப்போது நிரப்புபவை அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும். இரண்டும் 2021-இல் வெளிவந்தவை. ராக்கியைத் தொடங்கிய கிரிகரி கர்ட்சர் சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். மறைந்த தன் சகா ராக்கி மெக்காவின் நினைவாக அந்தப் பெயரை வைத்தார். 2023 ஜூனில் ரெட்ஹேட் தன் மூல நிரல் வெளியீட்டைச் சுருக்கிக்கொண்டதும் இருவரும் வேறு வேறு வழியில் போனார்கள். ராக்கி அச்சு அசலாக ஒத்திருப்பதையே குறிக்கோளாக வைத்துக்கொண்டது. ரெட்ஹேட்டுக்கு எழுதிய மென்பொருள் இங்கும் ஓடினால் போதும் என்ற நிலையை அல்மா எடுத்தது.

எதை எடுப்பது? உங்கள் டேட்டாபேஸையோ வேறு மென்பொருளையோ விற்றவர் "ரெட்ஹேட்டில் ஓடினால்தான் உதவி செய்வோம்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், ரெட்ஹேட் சந்தாவே வாங்குங்கள். நள்ளிரவில் அவர்களோடு வாதாட முடியாது. அப்படி ஒரு கட்டு இல்லையென்றால் அல்மா, ராக்கி இரண்டில் எதுவும் சரி. அதற்காக வாரக்கணக்கில் யோசிக்க வேண்டாம்.

யோசிக்க வேண்டியது பிராசசரைப் பற்றி. ரெட்ஹேட், அல்மா, ராக்கி எதுவானாலும் 9-ஆம் பதிப்பு எக்ஸ்86-64-வி2 என்ற நிலையிலுள்ள பிராசசர்களைக் கேட்கிறது. 10-ஆம் பதிப்பு ஒரு படி மேலே போய் வி3 கேட்கிறது. எல்எஸ்சிபியு கட்டளை காட்டும் கொடிகளில் (பிராசசரின் திறன்களைக் குறிக்கும் சொற்கள்) ஏவிஎக்ஸ்2 இல்லையென்றால் ரெட்ஹேட் 10-ஐ அந்த இயந்திரத்தில் நிறுவ முடியாது. பழைய இயந்திரங்களுக்காக அல்மா மட்டும் தன் 10-ஆம் பதிப்பில் வி2-வுக்கும் தனியாக ஒரு வெளியீடு தருகிறது.

லீப் என்ற கருவியை வைத்து இருந்த இடத்திலேயே மேம்படுத்தலாம். ஆனால் 7-இலிருந்து 8, அதிலிருந்து 9 என்று படிப்படியாகத்தான் ஏற வேண்டும். பத்தாண்டுக் குப்பையைச் சுமந்துகொண்டு இரண்டு படி ஏறுவதைவிட, புது சர்வரில் புதிதாக நிறுவி டேட்டாவை மட்டும் கொண்டுவருவதே என் தேர்வு. பழையதை அணைக்காமல் வைத்திருந்தால் திரும்பிப்போக வழியும் இருக்கும்.

கேள்வி: 500 ஜிபி டிஸ்க். நிறுவும்போது தானியங்கிப் பிரிப்பையே தேர்ந்தெடுத்தேன். இப்போது டேட்டாபேஸ் வளர்ந்து ரூட் நிரம்பிவிட்டது. 400 ஜிபிக்கு மேல் ஹோம் பகுதியில் சும்மா கிடக்கிறது. ஹோமைச் சுருக்கி ரூட்டோடு சேர்க்க முடியுமா?

நேராகச் சுருக்க முடியாது. ரெட்ஹேட் வகை லினக்ஸில் 7-ஆம் பதிப்பிலிருந்து இயல்பான கோப்பு முறைமை எக்ஸ்எஃப்எஸ். அதைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. தானியங்கிப் பிரிப்பு, லினக்ஸ் அமைப்பு உட்காரும் ரூட் பகுதிக்கு அதிகபட்சம் 70 ஜிபி ஒதுக்கிவிட்டு, மிச்சம் எல்லாவற்றையும் பயனர்களின் சொந்தக் கோப்புகளுக்கான ஹோமுக்குத் தள்ளிவிடும். பலர் பயன்படுத்தும் மேசைக் கணினிக்கு அது பொருந்தும். டேட்டாபேஸ் சர்வரில் டேட்டா உட்காருவது ரூட்டுக்குள் உள்ள வார் கோப்பகத்தின் கீழ் என்பதால் அங்கே இது தலைகீழான கணக்கு.

நீங்கள் செய்யக்கூடியது இது. முதலில் ஹோமில் இருப்பதை வேறொரு டிஸ்க்கிலோ வேறொரு சர்வரிலோ பேக்கப் எடுத்து, அதிலிருந்து சில கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். பிறகு ஹோமை அன்மவுண்ட் செய்து (இணைப்பிலிருந்து கழற்றி), அந்த லாஜிக்கல் வால்யூமை, அதாவது டிஸ்க்கில் அதற்கென ஒதுக்கிய பகுதியை, அழித்து, 20 ஜிபி அளவில் புதிதாக உருவாக்கி, பேக்கப்பைத் திரும்ப வையுங்கள். எல்வி எக்ஸ்டெண்ட் கட்டளையோடு சிறிய ஆர் என்ற விருப்பத்தைச் சேர்த்தால் வால்யூமும் அதன்மேல் உள்ள கோப்பு முறைமையும் ஒன்றாக வளரும். ரூட்டை வளர்க்க சர்வரை நிறுத்தவே வேண்டாம். மிச்சம் 380 ஜிபிக்கு மேல் இருப்பதை எல்லாம் இன்றே ரூட்டுக்குக் கொடுத்துவிடாதீர்கள். டேட்டாபேஸுக்கென ஒரு தனி வால்யூம் உருவாக்கி, தேவைப்படும் அளவு மட்டும் கொடுத்து, மீதியை வால்யூம் குரூப்பில் (வால்யூம்களுக்கு இடம் ஒதுக்கும் பொதுக் கிடங்கு) காலியாக விடுங்கள். கொடுப்பது ஒரு வரிக் கட்டளை. திரும்ப வாங்குவது எவ்வளவு வேலை என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

வேலை முடிந்ததும், பூட் ஆகும்போது எந்தப் பகுதி எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து ஹோமின் வரியைப் பாருங்கள். புதிதாக உருவாக்கிய கோப்பு முறைமைக்குப் புது யுயுஐடி, அதாவது புது அடையாள எண். பழைய எண் அங்கே இருந்தால் அடுத்த ரீபூட்டில் சர்வர் அவசர நிலையில் போய் நின்றுவிடும்.

அடுத்த சர்வருக்கு என் பிரிப்பு: இஎஃப்ஐக்கு 600 எம்பி, பூட்டுக்கு 1 ஜிபி, ரூட்டுக்கு 30 முதல் 40 ஜிபி, வார் தனி, டேட்டா தனி. லாக் பெருகி வார் நிரம்பினாலும் ரூட் மூச்சுவிடும். ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் ஸ்வாப்புக்கு ரேமைப்போல் இரண்டு மடங்கு என்பது சிறிய ரேம் காலத்துக் கணக்கு. 8 முதல் 64 ஜிபி ரேம் உள்ள சர்வருக்குக் குறைந்தது 4 ஜிபி என்கிறது ரெட்ஹேட்.

நிறுவி முடித்ததும் ரூட் பயனரின் கோப்பகத்தில் அனகோண்டா-கேஎஸ் என்று ஒரு கோப்பு இருக்கும். நிறுவும்போது நீங்கள் சொன்ன பதில்கள் அத்தனையும் அதில் பதிவாகியிருக்கும். அதைப் பத்திரப்படுத்துங்கள். சற்றுத் திருத்தி கிக்ஸ்டார்ட் கோப்பாகக் கொடுத்தால், அடுத்த பத்து சர்வர்களும் ஒரே மாதிரி, நீங்கள் பக்கத்தில் உட்காராமலே நிறுவப்பட்டுவிடும்.

கேள்வி: இணையதளக் கோப்புகளை என் ஹோம் கோப்பகத்திலிருந்து வெப் சர்வரின் கோப்பகத்துக்கு மாற்றினேன். அனுமதி எல்லாம் சரி, 755தான். ஆனாலும் 403 (அனுமதி மறுப்பு) பிழை. எஸ்இலினக்ஸை நிறுத்தினால் தளம் வருகிறது. நிரந்தரமாக அணைத்துவிடலாமா?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். நீங்கள் பார்த்தது பழுதே இல்லை. அது தன் வேலையைச் செய்ததன் அடையாளம்.

எஸ்இலினக்ஸ் ஒவ்வொரு கோப்பின்மேலும் ஒரு லேபிள் ஒட்டி வைத்திருக்கிறது. ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு லேபிள் உண்டு. எந்த லேபிள் எதைத் தொடலாம் என்பதைக் கொள்கை முடிவு செய்யும். வெப் சர்வரில் யாராவது ஓட்டை போட்டு நுழைந்தாலும், அந்த நிரலுக்கு உரிய கோப்புகளைத் தாண்டி அவர்களால் கை நீட்ட முடியாது. சாதாரண அனுமதிகளால் இதைச் செய்ய முடியாது.

எம்வி கட்டளை கோப்பை நகர்த்தும்போது பழைய லேபிளையும் கூடவே கொண்டுவரும். ஆகவே உங்கள் கோப்புகள் வெப் சர்வரின் கோப்பகத்தில் இருந்தும் இன்னும் "பயனரின் சொந்தக் கோப்பு" என்ற லேபிளோடு இருக்கின்றன. சிபி கட்டளையால் நகலெடுத்திருந்தால் புதுக் கோப்பு புது இடத்தின் லேபிளையே பெற்றிருக்கும், இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. எல்எஸ் கட்டளையோடு பெரிய இசட் சேர்த்துப் பாருங்கள், லேபிள் தெரியும். ரீஸ்டோர்கான் கட்டளையை அந்தக் கோப்பகத்தின்மேல், உட்கோப்பகங்களையும் சேர்த்து, ஒருமுறை ஓட்டுங்கள். தளம் வந்துவிடும்.

இணையத்தில் பலரும் சிஎச்கான் கட்டளையைப் பரிந்துரைப்பார்கள். அதுவும் லேபிளை மாற்றும், ஆனால் கொள்கையில் எழுதாது. அடுத்த முறை யாராவது மறுலேபிள் செய்தால் உங்கள் மாற்றம் போய்விடும். வழக்கமில்லாத ஓர் இடத்தில் தளத்தை வைக்கிறீர்கள் என்றால், செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் வழியாக அந்த இடத்துக்கு இந்த லேபிள் என்று முதலில் பதிவு செய்து, அதன் பிறகு ரீஸ்டோர்கான் ஓட்டுங்கள். ஆம்/இல்லை என்று மாற்றும் பூலியன் அமைப்புகளுக்கும் இதே கதைதான். வெப் சர்வர் வேறொரு டேட்டாபேஸ் சர்வரோடு பேச வேண்டும் என்று செட்எஸ்இபூல் போடும்போது பெரிய பி-யை விட்டுவிட்டால், ரீபூட் ஆனதும் பழைய நிலைக்குப் போய்விடும்.

எது தடுக்கப்பட்டது என்று தெரியவில்லையா? ஏயூசர்ச் கட்டளையில் ஏவிசி வகைப் பதிவுகளை, அதாவது எஸ்இலினக்ஸ் மறுத்தவற்றின் பதிவுகளை, தேடுங்கள். கிடைப்பதை ஆடிட்2ஒய்க்குக் கொடுத்தால் காரணம் சொல்லும். அதன் உடன்பிறப்பான ஆடிட்2அலோ, தடுக்கப்பட்ட எல்லாவற்றுக்கும் அனுமதி எழுதித் தரும். அதைப் படிக்காமல் நிறுவுவது வாசலைக் கழற்றி வைப்பதற்குச் சமம். ஒரு சேவை மட்டும் முரண்டு பிடித்தால், செமேனேஜ் பெர்மிசிவ் வழியாக அந்தச் சேவையின் டொமைனை (அந்த நிரலின் லேபிளை) மட்டும் தளர்த்திவிட்டு, ஒரு வாரம் லாக் படியுங்கள். முழுக்க அணைத்துவிட்டால் அந்தக் காலத்தில் உருவாகும் கோப்புகளுக்கு லேபிளே இராது. திரும்ப இயக்கும் நாளில் முழு டிஸ்க்கையும் மறுலேபிள் செய்ய வேண்டியிருக்கும்.

கேள்வி: ஃபயர்வாலில் போர்ட் திறந்தேன், வேலை செய்தது. ரீபூட்டுக்குப் பிறகு மூடிக்கொண்டது.

ஃபயர்வால்டி இரண்டு பட்டியல் வைத்திருக்கிறது: ஓடிக்கொண்டிருப்பது, நிரந்தரமானது. நீங்கள் முதலாவதில் மட்டும் எழுதியிருக்கிறீர்கள். பெர்மனென்ட் விருப்பத்தோடு எழுதி ரீலோட் கொடுங்கள். எனக்குப் பிடித்தது வேறு வழி: ஓடும் பட்டியலில் முதலில் சோதித்துவிட்டு, சரியாக இருந்தால் ரன்டைம்-டு-பெர்மனென்ட் கொடுத்து நிலைப்படுத்துவது. தொலைவில் இருக்கும் சர்வரில் தவறாக எழுதி உங்களையே வெளியே பூட்டிக்கொண்டாலும், ரீபூட் உங்களைக் காப்பாற்றும்.

கேள்வி: டிஎஃப் கட்டளை டிஸ்க் 100% நிரம்பிவிட்டது என்கிறது. டியு-வில் கூட்டிப் பார்த்தால் பாதிகூட வரவில்லை. பெரிய லாக் ஒன்றை அழித்தும் இடம் வரவில்லை.

அந்த லாக் இன்னும் அழியவில்லை. லினக்ஸில் கோப்பை அழிப்பது என்பது அதன் பெயரை அழிப்பது. அதைத் திறந்து வைத்திருக்கும் நிரல் கையை விடும்வரை இடம் திரும்பாது. டியு பெயர்களைத் தேடிப் போய் எண்ணுகிறது, அதனால் அதன் கண்ணில் படவில்லை. எல்எஸ்ஓஎஃப் கட்டளையில் கூட்டல் குறி, பெரிய எல், ஒன்று என்று கொடுங்கள். பெயர் இழந்தும் திறந்திருக்கும் கோப்புகள் வரிசையாக வரும். அந்தச் சேவையை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும். இனி லாக்கை அழிக்காமல் ட்ரங்கேட் கட்டளையால் பூஜ்ஜியமாக்குங்கள், லாக்ரொடேட்டையும் ஒழுங்காக அமையுங்கள்.

எல்எஸ்ஓஎஃப் ஒன்றும் காட்டவில்லை என்றால் இன்னொரு சாத்தியம். மவுண்ட் ஆகாத நேரத்தில் பேக்கப் நிரல் வெற்றுக் கோப்பகத்தில் எழுதியிருக்கலாம். பிறகு அதன்மேல் டிஸ்க் மவுண்ட் ஆகி, எழுதியதை மறைத்துவிட்டிருக்கும். ரூட்டை வேறோரிடத்தில் பைண்ட் மவுண்ட் செய்து உள்ளே பாருங்கள்.

கேள்வி: ரேம் 32 ஜிபி. ஃப்ரீ கட்டளையில் 600 எம்பிதான் மிச்சம் காட்டுகிறது. கூடுதல் ரேம் வாங்கவா?

"அவைலபிள்" என்ற பத்தியைப் பாருங்கள். லினக்ஸ் சும்மா இருக்கும் ரேமில் டிஸ்க்கிலிருந்து படித்ததைத் தேக்கி வைக்கும், கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடும். அந்தப் பத்தியும் குறைந்து, ஸ்வாப் விடாமல் ஆடிக்கொண்டும் இருந்தால் அப்போது எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் சர்வர் 400 நாட்களுக்கு மேல் ரீபூட் ஆகாமல் ஓடுகிறது. அப்டேட் மட்டும் மாதாமாதம் போடுகிறோம். அது போதாதா?

போதாது. புது கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) டிஸ்க்கில் இறங்கியிருக்கும், ஓடுவது 400 நாள் பழைய கர்னல். பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஜிலிப்சி போன்ற நூலகங்களும் அப்படித்தான், அப்டேட்டுக்கு முன் தொடங்கிய நிரல்கள் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங் கட்டளையை சிறிய ஆர் விருப்பத்தோடு ஓட்டினால் ரீபூட் வேண்டுமா என்று சொல்லிவிடும். கேபேட்ச் வழியாக ஓடும் கர்னலையே திருத்தலாம், ஆனால் அது குறிப்பிட்ட ஓட்டைகளுக்கான இடைக்கால ஏற்பாடு.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. 400 நாட்களில் யார் யார் எதை எதை மாற்றினார்கள்? ஒரு முறை இப்படி ஒரு சர்வரை ரீபூட் செய்தேன், அது திரும்பவில்லை. எப்போதோ கழற்றிய டிஸ்க்கின் வரி எஃப்எஸ்டேப்பில் இருந்தது. அந்த வரியை எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தார். அவசர நிலைத் திரை ரூட் கடவுச்சொல்லைக் கேட்டது, அது யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து எஃப்எஸ்டேப்பைத் தொட்டால் அங்கேயே மவுண்ட் -ஏ ஓட்டிச் சோதிக்கிறேன். இல்லாவிட்டாலும் சர்வர் எழ வேண்டிய டிஸ்க்குகளுக்கு நோஃபெயில் சேர்க்கிறேன். மாதம் ஒரு முறை, ஆட்கள் விழித்திருக்கும் நேரத்தில், ரீபூட்டும் செய்கிறேன். புது கர்னல் ஒத்துவரவில்லையென்றால், பூட் ஆகும்போது கர்னலைத் தேர்ந்தெடுக்க வரும் கிரப் பட்டியலில் பழையது இருக்கும். இயல்பாக மூன்று கர்னல்கள் வைத்திருக்கப்படுகின்றன. மற்றத் தொகுப்புகளைப் பின்வாங்க டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டூ உண்டு.

கேள்வி: ரூட் கடவுச்சொல் மறந்துவிட்டது. திரும்ப நிறுவத்தான் வேண்டுமா?

வேண்டாம். கிரப் திரையில் இ அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஆர்டி.பிரேக் சேர்த்து, கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்துங்கள். சிஸ்ரூட்டை (அந்த நிலையில் உங்கள் ரூட் இருக்கும் இடம்) எழுதும் நிலையில் ரீமவுண்ட் செய்து, சிஎச்ரூட்டால் உள்ளே போய், பாஸ்வேர்ட் கட்டளையால் மாற்றுங்கள். வெளியே வருமுன், எல்லாவற்றுக்கும் மேலான ரூட் கோப்பகத்தில் (/) டச் கட்டளையால் .ஆட்டோரீலேபிள் என்ற வெற்றுக் கோப்பை உருவாக்குங்கள். பலரும் விடுவது இந்த ஒரு படியைத்தான். அந்த நேரத்தில் எஸ்இலினக்ஸ் கொள்கை ஏற்றப்பட்டிருக்காது, கடவுச்சொற்கள் இருக்கும் ஷேடோ கோப்பு சரியான லேபிள் இல்லாமல் எழுதப்படும். பிறகு சரியான கடவுச்சொல்லே கொடுத்தாலும் உள்ளே விடாது. மறுலேபிள் முடிய டிஸ்க்கின் அளவைப் பொறுத்து நேரமாகும். திரை அசையவில்லை என்று பயந்து நடுவில் அணைத்துவிடாதீர்கள். முடிந்ததும் தானாக இன்னொரு முறை ரீபூட் ஆகும், அதன் பிறகு உள்நுழைந்து பாருங்கள்.