பெட்டி இருக்கிறது, சாவி யாரிடம்?

கேள்வி: என் மகன் 7-ஆம் வகுப்பு. வகுப்பில் நான்கு பேர் சேர்ந்துகொண்டு பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவது, சாப்பாட்டு டப்பாவை ஒளித்து வைப்பது என்று ஜூன் மாதத்திலிருந்து தொல்லை. பள்ளியில் போய்க் கேட்டால், “இதற்கென்று விதிமுறை இருக்கிறது, புகார்ப் பெட்டியும் வைத்திருக்கிறோம்” என்கிறார்கள். பள்ளி போடும் விதிகளால் இதெல்லாம் உண்மையிலேயே குறையுமா?
– வாசகி ஒருவர், திண்டுக்கல்

பதில்: விதிகளுக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தப் பெட்டி.

அதை எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்று மகனிடம் கேளுங்கள். அநேகமாக எச்.எம். அறை வாசலில், நோட்டீஸ் போர்டுக்குப் பக்கத்தில் இருக்கும். இன்டர்வெல்லில் பள்ளியே நடமாடும் இடம் அது. அங்கே நின்று ஒரு பையன் சீட்டைப் போட்டால் அடுத்த மணி அடிப்பதற்குள் அந்த நான்கு பேருக்கும் சேதி போய்விடும். அதனால் எவனும் போட மாட்டான். பெட்டி காலியாகவே கிடக்கும். காலியாகக் கிடப்பதைக் காட்டியே “எங்கள் பள்ளியில் அப்படி எதுவும் இல்லை” என்பார்கள். தமிழக அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ என்று பெட்டி வைக்கச் சொன்னது நல்ல முடிவு. அது பலிக்க வேண்டுமானால் ஆசிரியர்கள் சில சின்ன வேலைகளை விடாமல் செய்ய வேண்டும். அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஏ4 தாளை நான்காகக் கிழித்து எல்லோருக்கும் ஒரே அளவில் துண்டு கொடுங்கள். இரண்டே கேள்விகள்: இந்த வாரம் உன்னை யாராவது தொல்லை செய்தார்களா? வேறு யாரையாவது செய்வதைப் பார்த்தாயா? ஒன்றும் இல்லை என்றாலும் சும்மா உட்காரக் கூடாது. அந்த வாரம் படித்த பாடத்தைப் பற்றி மூன்று வரி எழுத வேண்டும். நாற்பது பேனாவும் ஒரே நேரத்தில் ஓடினால் யார் புகார் எழுதினார்கள் என்று பக்கத்து பெஞ்சுக்குத் தெரியாது. சீட்டை மடித்து எல்லோரும் பெட்டியில் போட வேண்டும். வகுப்பாசிரியர் மேலேயே புகார் இருக்கலாம் என்பதால் சாவி அவரிடம் இருக்கக் கூடாது. இரண்டு பேரிடம் இருக்கட்டும், ஒருவர் ஆசிரியையாக இருக்கட்டும். அன்றைக்கே திறக்க வேண்டும். நாற்பது சீட்டைப் படிக்கப் பத்து நிமிடம் போதும். பதிவேட்டில் தேதி, இடம், நடந்தது, எடுத்த நடவடிக்கை ஆகியவை வரட்டும். எழுதியவன் பெயர் வர வேண்டாம். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் பழக்கம் சில ஆசிரியர்களுக்கு உண்டு. ஒரே ஒருமுறை அது நடந்தால் போதும், அந்தப் பெட்டியை அத்தோடு கழற்றி வைத்துவிடலாம்.

இரண்டு கேள்விகளில் இரண்டாவதுதான் முக்கியம். அடி வாங்குகிறவன் வெட்கத்தில் எழுதாமல் விடுவான், பார்த்தவன் எழுதுவான். கனடாவின் டொராண்டோவில் பள்ளி மைதானங்களைப் படம் பிடித்து ஆராய்ந்து 2001-இல் வெளியிட்டார்கள். சீண்டல் நடந்த தடவைகளில் 88 சதவீதத்தில் சக மாணவர்கள் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். அவர்கள் குறுக்கே வந்தது 19 சதவீதத்தில்தான். அப்படி வந்தபோது பாதிக்கும் மேற்பட்ட தடவை பத்தே விநாடிக்குள் தொல்லை நின்றிருக்கிறது. உங்கள் மகனுடைய வகுப்பில் தொல்லை செய்கிறவர்கள் நான்கு பேர், வாங்குகிறவன் ஒருவன். மீதிப் பேர் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சிரித்தால் அடுத்த நாளும் நடக்கும். சிரிக்க ஆள் இல்லையென்றால் அந்த நால்வருக்கு அதில் ஒரு லாபமும் இல்லை.

பின்லாந்துக்காரர்கள் இதை வைத்தே ‘கிவா’ என்ற திட்டத்தைக் கட்டினார்கள். துர்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவாலி தலைமையில் உருவானது. 2009-இல் நாடு முழுக்கப் போனது. ஆண்டுக்கு சுமார் 20 மணி நேரப் பாடம், நடத்துவது வகுப்பாசிரியர். மைதானத்தில் டியூட்டி பார்க்கும் ஆசிரியர் தூரத்திலிருந்தே தெரிகிற பளிச்சென்ற மேலங்கி போட்டுக்கொள்கிறார். புகார் வந்தால் கவனிக்கப் பள்ளிக்குள்ளேயே மூன்று பெரியவர்கள் கொண்ட குழு. முதலில் பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் தனியாகப் பேசுவார்கள். பிறகு தொல்லை செய்தவர்களை ஒவ்வொருவராக, ஒருவர் வெளியே போய் மற்றவரிடம் ஒத்திகை பார்ப்பதற்குள் கூப்பிட்டுப் பேசுவார்கள். “இனி என்ன செய்யப் போகிறாய்” என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பார்கள். வகுப்பில் மதிப்புள்ள இரண்டு மூன்று மாணவர்களை வகுப்பாசிரியர் அழைத்து, பாதிக்கப்பட்டவனுக்குத் துணையாக என்ன செய்யலாம் என்று கேட்பார். சுமார் இரண்டு வாரம் கழித்து மறுபடி அழைத்து, சொன்னபடி நடந்ததா என்று பார்ப்பார்கள்.

நம் பள்ளிகளில் சறுக்குவது இந்தக் கடைசிப் படியில்தான். இரண்டு தரப்பையும் எச்.எம். அறையில் எதிரெதிரே நிறுத்தி, “சரி, கை கொடுத்துக்கோங்கப்பா” என்று அனுப்பிவிடுகிறோம். சமபலம் உள்ள இருவர் சண்டை போட்டால் சமரசம் செய்யலாம். நான்கு பேரும் ஒருவனும் என்னும்போது, அவன் நீட்டும் கையில் பயம்தான் இருக்கும். அன்று மாலை சைக்கிள் ஸ்டாண்டில் அதற்கும் சேர்த்து வாங்குவான். பிரேயரில் பெயர் சொல்லிக் கண்டிப்பதும், பாதிக்கப்பட்டவனையே ‘பி’ செக்‌ஷனுக்கு மாற்றுவதும் இதே வகைதான். டி.சி. கொடுத்து அனுப்புவது அடுத்த பள்ளிக்கு ஆளை அனுப்பும் வேலை.

இதில் அலட்சியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பார்த்தோம். அதை வெறும் மாணவர் தகராறு என்று சொல்ல மாட்டேன். அது சாதி வன்முறை. ஆனால் பள்ளிக்குள் நடந்த தொல்லையைப் பள்ளியில் சொன்ன பிறகுதான் ஒரு பட்டியலின மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். புகாரை வாங்கிக்கொண்ட நிமிடத்திலிருந்து புகார் சொன்னவனின் பாதுகாப்பு பள்ளியின் பொறுப்பு. அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு கூடாது, அகர வரிசையில் உட்கார வையுங்கள், 500 மாணவர்களுக்கு மேல் உள்ள மேல்நிலைப் பள்ளிகளில் நல அலுவலரை நியமியுங்கள் என்றெல்லாம் சொன்னது. இவற்றில் கயிற்றைப் பற்றி மட்டும் ஊரெல்லாம் வாதம் நடந்தது. நல அலுவலரைப் பற்றி யாரும் தொண்டை கிழியப் பேசவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

இனி உங்கள் கேள்வி. குறையுமா? குறையும், சுமார் ஐந்தில் ஒரு பங்கு. டோஃபி, ஃபாரிங்டன் என்ற ஆய்வாளர்கள் 2011-இல் பல நாட்டுத் திட்டங்களைச் சேர்த்துப் பார்த்துச் சொன்ன கணக்கு இது: தொல்லை செய்வது 20 முதல் 23 சதவீதம், அதற்கு ஆளாவது 17 முதல் 20 சதவீதம் குறைந்திருக்கிறது. கொஞ்சம்தானே என்று நினைக்காதீர்கள். தொல்லைக்கு ஆளாகும் ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பயம் போகிறது என்றால் அது பெரிய காரியம். மைதானக் கண்காணிப்பும் பெற்றோர் கூட்டமும் தீவிரமாக இருந்த இடங்களில் பலன் கூடுதல். 8-ஆம் வகுப்பிலிருந்தே பலன் ஏறக்குறைய இல்லாமல் போவதாக 2015-இல் வந்த இன்னோர் ஆய்வு சொல்கிறது. மூன்றாம், நான்காம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். பிளஸ் ஒன்னில் ஆரம்பிக்கிறவர்கள் தாமதம்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. விதி ஒழுங்காக வேலை செய்தால் முதல் ஆண்டில் புகார் கூடும். ஜப்பான் 2013-இல் இதற்கென்றே சட்டம் போட்டது. அங்கே 2022-இல் பள்ளிகள் பதிவு செய்த சம்பவங்கள் சுமார் 6,82,000. முன்பு மறைந்து கிடந்தது பதிவேட்டுக்கு வருகிறது என்பதே இதன் பெரும்பகுதி அர்த்தம். புகார் கூடிய பள்ளியின் எச்.எம்.மைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கும் அதிகாரிகள், பூஜ்யம் என்று எழுதிய பள்ளியிடம் அல்லவா முதலில் போக வேண்டும்!

பிரம்பைத் திரும்பக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இந்தப் பக்கத்துக்குத் தொடர்ந்து எழுதும் ஆசிரியர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியை மட்டும் தடுக்கவில்லை, மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. வகுப்பில் ஒருவனை ‘கட்டை’ என்றும் ‘குண்டு’ என்றும் ஆசிரியர் கூப்பிட்டால் அதே பெயரை மறுநாள் நாற்பது வாயும் சொல்லும். உங்கள் மகனுடைய பட்டப்பெயர் யார் முதலில் வைத்தது என்று விசாரியுங்கள்.

பி.டி. பீரியடைப் பற்றி நான் ஏற்கெனவே நிறையச் சண்டை போட்டாயிற்று. கணக்குக்கும் அறிவியலுக்கும் அதைப் பறித்துக்கொடுப்பது அநியாயம். மீதி இருக்கும் பீரியடில் இரண்டு கேப்டன்களை நிறுத்தி ஆள் எடுக்கச் சொல்வதும் அநியாயம். யாரும் எடுக்காமல் கடைசியாக நிற்பவன் எல்லா வாரமும் ஒரே பையன்தான். வரிசையில் நிறுத்தி ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லிப் பிரித்தால் அரை நிமிடத்தில் அணி தயார்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ஜூனிலிருந்து நடந்ததைத் தேதி, இடம், நேரம் போட்டு ஒரே பக்கத்தில் எழுதுங்கள். குழாயடியா, கழிப்பறையா, வேனா, மாடிப்படித் திருப்பமா என்று இடத்தைத் தெளிவாகச் சொன்னால், அங்கே ஓர் ஆசிரியரை மணி அடிக்க இரண்டு நிமிடம் முன்பே நிறுத்தச் சொல்லிக் கேட்க முடியும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றைக் கொடுங்கள்; மற்றதில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். அந்த நான்கு பிள்ளைகளின் வீட்டுக்கு நீங்களே போய்ப் பேச வேண்டாம், வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் போட வேண்டாம். யார் விசாரிப்பார், என் மகனிடம் யார் தனியாகப் பேசுவார், இரண்டு வாரம் கழித்து எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பீர்கள் என்று மூன்றே கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் பெயரும் தேதியும் வராவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கடிதத்தைக் கொண்டுபோங்கள், அல்லது பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணுக்குப் பேசுங்கள். மகன் பள்ளிக்கே போக மாட்டேன் என்றாலோ, உடம்பில் காயம் இருந்தாலோ காத்திருக்காதீர்கள். அன்றைக்கே 1098-ஐக் கூப்பிடுங்கள்.