தனியாக இருக்கும்போது தெளிவாக யோசிக்கிறவர்கள், கூட்டமாக உட்கார்ந்ததும் ஏன் மாறிவிடுகிறார்கள்?

உங்கள் அலுவலகக் கூட்டத்தில் ஒரு திட்டம் ஒருமனதாக நிறைவேறியது. டீக்கடைக்கு வந்ததும் ஆளுக்கு ஆள் "எனக்கு அப்போதே சரியாகப் படவில்லை" என்றார்கள். இவர்கள் எல்லோரும் கோழைகளா, அல்லது கூட்டம் சேர்ந்தாலே மனிதனுக்கு அறிவு மழுங்கிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் இல்லை. கூட்டத்தில் வாய் மூடியிருப்பவர்களில் பலர் பயந்து மூடுவதில்லை. பக்கத்தில் இருப்பவர் பேசாமல் இருப்பதைப் பார்த்து, அவருக்கு இதில் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அவரும் இவரைப் பார்த்து அதையேதான் நினைக்கிறார். பத்துப் பேருக்குச் சந்தேகம் இருந்தும் அந்த அறையில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லாததுபோல் தோன்றுவது இப்படித்தான்.

1968-ல் வெளியான ஒரு சோதனை இதைக் கண்கூடாகக் காட்டியது. அமெரிக்க உளவியலாளர்கள் பிப் லதானே, ஜான் டார்லி இருவரும் கல்லூரி மாணவர்களை ஒரு அறையில் உட்காரவைத்துப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். சிறிது நேரத்தில் சுவரில் இருந்த துவாரம் வழியாகப் புகை வரத் தொடங்கியது. அறையில் தனியாக இருந்தவர்களில் நான்கில் மூன்று பங்கினர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். எதுவும் நடக்காததுபோல் இருக்கும்படி முன்பே சொல்லிவைக்கப்பட்ட இருவர் பக்கத்தில் இருந்தபோது, 10 பேரில் ஒருவர்தான் போய்ச் சொன்னார். மற்றவர்கள் இருமினார்கள், கண்ணைக் கசக்கினார்கள், முகத்துக்கு முன்னால் புகையைக் கையால் விலக்கினார்கள், படிவத்தை நிரப்பிக்கொண்டே இருந்தார்கள். பிறகு கேட்டபோது, அது நீராவி என்றும் ஏ.சி.யிலிருந்து வரும் ஆவி என்றும் சொன்னார்கள். நெருப்பாக இருக்கும் என்று நினைத்தும் சும்மா இருந்ததாக அவர்கள் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர்களின் அமைதி, இவர்கள் கண்ணால் கண்டதன் பொருளையே மாற்றிவிட்டிருந்தது. தைரியம் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி இங்கே எழவே இல்லை.

இன்னொரு சோதனை இதைவிடப் பிரபலமானது. அது தவறாகவே சொல்லப்பட்டு வருகிறது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். 1950-களில் சாலமன் ஆஷ் நடத்திய கோடுகள் சோதனை அது. ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள். எது சம நீளம் என்று சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் சோதனைக்கு வந்த மாணவருக்கு முன்னால் பதில் சொல்கிறவர்கள் எல்லோரும் ஆஷின் ஆட்கள். பேசிவைத்துக்கொண்டு தவறான பதிலைச் சொல்வார்கள். அந்தச் சுற்றுகளில் சுமார் 37 சதவீதப் பதில்கள் கூட்டத்தோடு சேர்ந்து தவறாகிப்போயின. "மனிதன் மந்தை ஆடு, பார்த்தீர்களா" என்று இதை மேடைக்கு மேடை சொல்கிறார்கள். மீதி 63 சதவீதப் பதில்கள் சரியாக இருந்தன என்பதை யாரும் சொல்வதில்லை. ஏறத்தாழ நான்கில் ஒருவர் கடைசிவரை ஒருமுறைகூட இணங்கவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது வேறொன்று: அந்தக் கூட்டத்தில் ஒரே ஒருவரைச் சரியான பதில் சொல்லவைத்தபோது, தவறாக இணங்குவது கால் பங்காகக் குறைந்துவிட்டது. மனிதனுக்கு ஒரு துணை போதும். மந்தை என்று திட்டுகிறவர்கள் இந்த ஒரு பாதியை மறைத்துவிட்டுப் பேசுகிறார்கள்.

சோதனை அறையில் கோட்டைத் தவறாகச் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. உயிர் போகிற இடத்திலும் இது நடக்கிறதே என்றால், அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலத்தின் கதைக்கு வரவேண்டும். அந்த விபத்தைவிட, அதற்கு முந்தைய இரவு நடந்த கூட்டம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் காலை ஃபுளோரிடாவில் ஏவுதல். வழக்கத்துக்கு மாறாகக் கடுங்குளிர் வரும் என்று முன்னறிவிப்பு. விண்கலத்தை மேலே உந்தும் ராக்கெட் பூஸ்டர்களைத் தயாரித்த மார்ட்டன் தையோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் யூட்டாவிலிருந்து தொலைபேசி வழியாக நாசாவிடம் பேசினார்கள். பூஸ்டரின் இணைப்புகளில் சூடான வாயு கசியாமல் காக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிவிடும். 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். நிறுவனத்தின் அதிகாரபூர்வப் பரிந்துரையும் அதுவாகவே இருந்தது. நாசா தரப்பில் கோபம். "நான் எப்போதுதான் ஏவுவது, அடுத்த ஏப்ரலிலா?" என்று லாரி மல்லாய் என்ற அதிகாரி கேட்டார். ஐந்து நிமிடம் அவகாசம் வேண்டும் என்று சொல்லி தையோகால் தரப்பு தொலைபேசி இணைப்பிலிருந்து விலகியது. அந்த ஐந்து நிமிடம் அரைமணி நேரமானது.

அந்த அரைமணி நேரத்தைப் பாருங்கள். ஆர்னி தாம்சன் என்ற பொறியாளர் நிர்வாகிகள் இருந்த இடத்துக்கு எழுந்துபோய், மேஜையில் தாளை வைத்து பூஸ்டரின் இணைப்பை வரைந்து மறுபடியும் விளக்கினார். இன்னொரு பொறியாளர் ரோஜர் போஜலே, முந்தைய ஏவுதல்களில் வளையத்தைத் தாண்டிப் புகைக்கரி படிந்திருந்த புகைப்படங்களை எடுத்துக் காட்டினார். யாரும் கேட்கிற நிலையில் இல்லை என்று தெரிந்ததும் இருவரும் நிறுத்திக்கொண்டார்கள். மூத்த நிர்வாகி ஜெரி மேசன், பொறியியல் பிரிவின் துணைத் தலைவர் பாப் லண்டைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகி தொப்பியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். நான்கு நிர்வாகிகள் மட்டும் வாக்களித்தார்கள். பொறியாளர்களிடம் கேட்கவே இல்லை. தொலைபேசி இணைப்பு திரும்பி வந்தது, ஏவலாம் என்று முடிவு வாசிக்கப்பட்டது. மறுப்பு உண்டா என்று நாசா தரப்பில் கேட்டபோது, அத்தனை பேர் காதில் விழுந்தும் யாரும் பேசவில்லை. மறுநாள் புறப்பட்ட 73-வது விநாடியில் விண்கலம் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் நான் நின்றுவிடும் இடம் அந்தக் கடைசி மௌனம். போஜலேயும் தாம்சனும் கோழைகள் அல்லர். சற்று முன்புதான் மேலதிகாரிகளிடம் இவ்வளவு தூரம் போராடியிருந்தார்கள். தங்கள் சொந்த நிறுவனமே ஒரு முடிவைச் சொல்லிவிட்ட பிறகு அதை எதிர்த்துப் பேச அவர்களுக்கு அங்கே இடமே வைக்கப்படவில்லை. "ஏன் ஆபத்து என்று நிரூபியுங்கள்" என்று அந்தக் கூட்டம் அவர்களைக் கேட்டது. ஆபத்து இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ஏவச் சொன்னவர்களிடம் இருந்திருக்க வேண்டும். கூட்டம் எதைக் கேள்வியாக வைக்கிறதோ, அதைப் பொறுத்தே யார் பேசுவார், யார் பேசாமல் இருப்பார் என்பது பாதி முடிவாகிவிடுகிறது.

இவ்வளவு பெரிய இடத்துக்குப் போக வேண்டியதில்லை. நான் பல ஆண்டுகளாக ஆசிரியர் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து வருகிறேன். நேர்காணல் முடிந்து கதவு சாத்தப்பட்டதும், குழுவில் மூத்தவர் "பாடத்தில் நல்ல பிடிப்பு இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்வார். அதுவரை மதிப்பெண் தாளில் எதுவும் எழுதாமல் இருந்த பேனாக்கள் எல்லாம் அப்போது எழுதத் தொடங்கும். சிலருடைய தாளில் 12 என்ற எண் அடித்துத் திருத்தப்பட்டு 16 ஆகும். அந்த மூத்தவர் யாரையும் வற்புறுத்துகிறவர் அல்லர். பிறர் கருத்தை மதிக்கிற நல்ல மனிதர். அவர் முதலில் பேசினார் என்பது ஒன்றே போதுமானதாக இருந்தது. பிறகு ஒரு சிறு மாற்றம் கொண்டுவந்தோம். எல்லோரும் மதிப்பெண் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் பேச்சு. பேசும்போதும் வயதில் இளையவர் முதலில், தலைவர் கடைசியில். மறுநாளிலிருந்தே ஒரே விண்ணப்பதாரருக்கு ஒருவர் 9, இன்னொருவர் 17 என்று வரத் தொடங்கியது. ஏன் இந்த வித்தியாசம் என்று பேசியபோதுதான் அந்த நபரைப் பற்றி உருப்படியாக எதையாவது தெரிந்துகொண்டோம்.

அதே மனிதர்களைக் கொண்ட குழு, முறை மாறினால் வேறாக நடந்துகொள்ளும் என்பதற்குக் அமெரிக்க அதிபர் கென்னடியின் ஆலோசனைக் குழு நல்ல சாட்சி. 1961 ஏப்ரலில் கியூபாவில் காஸ்ட்ரோவின் ஆட்சியைக் கவிழ்க்க, சுமார் 1,400 கியூப அகதிகளை அந்நாட்டின் பிக்ஸ் விரிகுடாவில் இறக்கினார்கள். மூன்று நாளுக்குள் எல்லாம் முடிந்து, பெரும்பாலோர் சிறைப்பட்டார்கள். ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிஞ்சர் இத்திட்டத்தை எதிர்த்துக் குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார், ஆனால் கூட்டங்களில் வாய் திறக்கவில்லை. பின்னாளில் அதற்காக மிகவும் வருந்தினார். அடுத்த ஆண்டு அக்டோபரில், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் வைக்கப்பட்டது தெரிந்து கியூப ஏவுகணை நெருக்கடி வந்தது. மேஜையைச் சுற்றி இருந்தவர்களில் பலர் பழையவர்களே. இம்முறை கென்னடி சில கூட்டங்களுக்கு வேண்டுமென்றே வரவில்லை. தான் இருந்தால் மனம்விட்டுப் பேசமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. குழுவைப் பிரித்து, ஒரு பிரிவு எழுதியதை இன்னொரு பிரிவு குறைகாணச் செய்தார்கள். உடனே குண்டுவீசுவது என்ற முதல் நாள் வேகம் அங்கேதான் தணிந்தது.

கூட்டம் என்றாலே கெடுதல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய இளைஞர்களை நினைத்துப் பாருங்கள். முன்பின் அறிமுகமில்லாதவர்கள் குப்பையைப் பொறுக்கினார்கள், போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார்கள். பக்கத்தில் ஒருவர் குனிந்து காகிதத்தை எடுப்பதைப் பார்த்துத்தான் அடுத்தவரும் குனிந்தார். புகை அறையில் ஆளை எழவிடாமல் செய்ததும் இதே பழக்கம்தான்: எப்படி நடந்துகொள்வது என்று தெரியாத இடத்தில் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பது.

நீங்கள் தலைவர் இல்லை, முறையை மாற்றும் அதிகாரம் இல்லை என்றால் என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். கூட்டத்துக்கு முன்பே உங்களைப்போல் சந்தேகப்படும் ஒருவரைத் தேடிப்பிடித்துப் பேசிவையுங்கள். டீக்கடைப் பேச்சைக் கூட்டத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டாலே போதும். கூட்டத்தில் "நான் எதிர்க்கிறேன்" என்று தொடங்காமல், "இது தவறிப்போனால் முதலில் எங்கே தெரியும்?" என்று கேளுங்கள். எதிர்ப்பு என்றால் அணி பிரியும். இந்தக் கேள்விக்கு மற்றவர்களும் பதில் தேடத் தொடங்குவார்கள். "எல்லோருக்கும் சம்மதம்தானே?" என்று தலைவர் எழுந்திருக்கும் நேரத்தில், உங்களுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை என்பதைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். பேனா எடுக்கப்பட்டதும் இன்னும் ஒருவர், இருவர் வாய் திறப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.