பெரிய மோட்டார்ஹோமை, அதாவது வீடு போல உள்ளேயே தங்கும் வண்டியை, சரிவான இடத்தில் எப்படி மட்டமாக நிறுத்துவது? ஜாக்கிகளைத் தானாக இயக்கி வண்டியை மட்டமாக்கும் ஆட்டோ லெவல் பட்டனை மட்டும் நம்பினால் போதுமா?

போதாது. பட்டனை அழுத்துவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். வண்டியின் மூக்கு மேட்டைப் பார்க்கிறதா, பள்ளத்தைப் பார்க்கிறதா என்பதுதான் அந்தப் பாதி.

நான் நார்த் கரோலினாவில் இருக்கிறேன். என்னுடையது 36 அடி வண்டி, முன்பக்கம் பெட்ரோல் இன்ஜின், நான்கு ஹைட்ராலிக் ஜாக்கிகள். வாங்கிய முதல் வருடம் ஆஷ்வில் பக்கம் நண்பர் ஒருவரின் நிலத்தில், மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்திவிட்டுப் பட்டனை அழுத்தினேன். பள்ளத்தில் இருந்த பின்பக்கம் எழும்பியது. எழும்பிக்கொண்டே போய், பின் டயர்கள் தரையை விட்டன. அடுத்த நொடி வண்டி அரை அடி பின்னால் வழுக்கி, ஜாக்கிக் கால்கள் சாய்ந்து நின்றது. சற்று முன்புவரை என் மகள் பின்னால்தான் நின்றிருந்தாள். இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நடுங்குகிறது.

காரணம் எளிது. இந்த வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. முன்பக்க இன்ஜின் உள்ள பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் அது சக்கரத்தைக்கூட நேராகப் பிடிப்பதில்லை, கியர்பாக்ஸுக்குப் பின்னால் ஓடும் ஷாஃப்டைப் பிடிக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் ஒரு பக்கத்துப் பின் சக்கரம் தூக்கினாலே போதும், டிஃபரன்ஷியல் (இரு பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கர அமைப்பு) வழியாக அது சுதந்திரமாகச் சுற்றும், மறுபக்கத்துச் சக்கரமும் உருளத் தொடங்கும். முன் சக்கரங்களில் பிரேக் பிடிமானம் ஏதும் இல்லை. அதனால் பின் டயர்கள் எந்த நிலையிலும் தரையை விடக்கூடாது.

மூக்கைப் பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினால் தூக்க வேண்டியது முன்பக்கம் மட்டும். பின் சக்கரங்கள் தரையில் அழுந்தி நின்று வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெரிய மோட்டார்ஹோமுக்கு இதைவிட முக்கியமான விதி எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்து, கணக்கு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 19 அடி இடைவெளி உள்ள வண்டியில் ஒரு டிகிரி சரிவு என்றால் ஏறத்தாழ 4 அங்குலம் தூக்க வேண்டும். 3 டிகிரிக்கு ஓர் அடி. பக்கவாட்டில் டிகிரிக்கு ஒன்றரை அங்குலம் போதும். ஒரு சின்ன ரசமட்டத்தை வண்டித் தரையில் வைத்து, அல்லது போனிலேயே பார்த்து, தூக்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். ஓர் அடியைத் தாண்டினால் நான் ஜாக்கியைத் தொடுவதே இல்லை, வேறு இடம் பார்ப்பேன். டீசல் வண்டியாக இருந்து ஏர் சஸ்பென்ஷன் இருந்தால், முதலில் காற்றை இறக்கி வண்டியைத் தாழ்த்துங்கள். தூக்க வேண்டிய உயரம் குறையும்.

நாலைந்து அங்குலத்துக்கு மேல் தேவை என்றால் முழுவதையும் ஜாக்கியிடம் விடாதீர்கள். அகலமான மரப்பலகைகளை முன் டயர்களுக்கு முன்னால் போட்டு, அதன்மேல் மெதுவாக ஏற்றி நிறுத்துங்கள். மிச்சத்தை ஜாக்கி பார்த்துக்கொள்ளும். சில இடங்களில் திரும்ப வழி இல்லாமல் மூக்கு மேட்டைப் பார்த்துத்தான் நிற்க முடியும். அப்போது பலகை பின் டயர்களுக்கு. பின்னால் ஒரு பக்கத்துக்கு இரண்டு டயர்கள் ஒட்டி இருக்குமல்லவா, பலகை இரண்டையும் முழுதாகத் தாங்க வேண்டும். ஒன்றை மட்டும் ஏற்றினால் இரண்டு டயர் சுமக்க வேண்டிய பாரம் ஒன்றின்மேல் விழும். அப்புறம், ஜாக்கியைத் தொடுவதற்கு முன்பே டயருக்குக் கட்டை வைத்துவிடுங்கள்.

கையால் இயக்கும்போது இரண்டிரண்டாகத் தூக்குங்கள்: முன் இரண்டும் சேர்த்து, அல்லது ஒரு பக்கத்து இரண்டும் சேர்த்து. ஒரு மூலையை மட்டும் தூக்கினால் சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், முறுக்கிக்கொள்ளும். முன் கண்ணாடி விரிசல் விடுவதும் கதவு பிடித்துக்கொள்வதும் இப்படித்தான். பெரும்பாலான வண்டிகளில் ஸ்லைடை (பக்கவாட்டில் வெளியே நீளும் அறைப் பகுதியை) திறப்பது மட்டம் ஆன பிறகுதான். உங்கள் கையேட்டில் வேறு மாதிரி இருந்தால் அதன்படி செய்யுங்கள்.

இவ்வளவு மட்டம் எதற்கு, கட்டிலில் தூங்கத்தானே என்று சிலர் கேட்கிறார்கள். ஃப்ரிட்ஜுக்காக. இங்கே புளூ ரிட்ஜ் பார்க்வே என்னும் மலைச் சாலையின் முகாம்களில் மின் இணைப்பு கிடையாது, அதனால் ஃப்ரிட்ஜ் கேஸில் ஓடும். அந்த வகை ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸர் இல்லை. அம்மோனியாக் கரைசல் தன் எடையாலேயே குழாய்களில் வழிந்து திரும்ப வேண்டும். சாய்வாக நின்றால் அது தேங்கும், கரைசலைச் சூடாக்கும் கொதிகலன் அளவுக்கு மீறிச் சூடாகும், துருப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்திருக்கும் உப்பு படிகமாகிக் குழாயை அடைக்கும். அப்படி அடைத்தால் குளிரூட்டும் பாகத்தையே மாற்ற வேண்டியதுதான். இவ்வகை ஃப்ரிட்ஜ் செய்யும் நார்கோல்ட் நிறுவனத்தின் கையேடு சொல்லும் வரம்பு, ஃப்ரிட்ஜை எதிரே நின்று பார்க்கும்போது இடவலமாக 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி. ஃப்ரிட்ஜ் பக்கச் சுவரோடு ஒட்டி நிற்பதால், அதன் இடவலம்தான் வண்டியின் நீளவாக்கு! பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். உங்களுடையது கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் என்றால் இந்தக் கவலை அவ்வளவாக இல்லை.

ஜாக்கிக் கால்களுக்கு அடியில் முக்கால் அங்குல பிளைவுட் இரண்டை ஒட்டிப் போடுகிறேன். மழை பெய்த மண்ணில் அது இல்லாமல் கால் இறங்கிக்கொண்டே போகும். கோடை வெயிலில் தாரிலும் பள்ளம் விழும். ஒவ்வொரு பலகையிலும் ஓர் ஓட்டை போட்டு ஒரு முழம் கயிறு கட்டி வையுங்கள். கிளம்பும்போது வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காமல் வெளியே இருந்தே இழுத்து எடுத்துவிடலாம்.