குப்பம்மாள் என்ற பெயர்

வணக்கம் ஐயா. என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. என் பாட்டி பெயர் குப்பம்மாள். அதை வீட்டில் கூப்பிடும் பெயராகவாவது வைக்கலாமே என்றேன். ‘குப்பை என்று யாராவது பிள்ளைக்குப் பெயர் வைப்பார்களா?’ என்று எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மனசு கஷ்டமாகிவிட்டது. நம் ஆட்கள் ஏன் இப்படிப் பெயர் வைத்தார்கள்? வேறு எங்காவது இந்த வழக்கம் உண்டா?
க., விருத்தாசலம்

அன்புள்ள க.,

பேத்திக்கு என் வாழ்த்துகள்.

குப்பம்மாள் என்பது பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும் என்று வைத்த பெயர். அடுத்தடுத்துப் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்ததைக் குப்பைமேட்டில் போட்டுப் புரட்டி எடுத்து குப்பன், குப்புசாமி, குப்பம்மாள் என்று கூப்பிட்டார்கள். குப்பையை எமன் சீந்தமாட்டான் என்று நம்பினார்கள். பிச்சை, பிச்சையம்மாள் எல்லாமும் இதே வகைதான். பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 200 முதல் பிறந்தநாளைக்கூடப் பார்க்காத காலம் அது.

‘உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்’ என்று இன்றும் பிள்ளைகளைச் சீண்டுகிறோம் அல்லவா? பெற்ற பிள்ளையை இன்னொருவர் கையில் கொடுத்து, தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். அப்புறம் அது வாங்கின பிள்ளை, எமன் கணக்கில் வராது.

வங்காளத்திலும் இதைச் செய்தார்கள். 1889இல் மேதினிப்பூர் பக்கம் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. முன்னால் பிறந்த பையன்கள் இறந்துபோயிருந்தார்கள். மூத்த அக்கா மூன்று பிடி குருணை கொடுத்துத் தம்பியைத் தாயிடமிருந்து வாங்கினார். குருணைக்கு வங்காளத்தில் ‘குத்’ என்பார்கள். அதனால் அவன் குதிராம். எமனுக்குத் தெரியாமல் அப்படி வளர்த்த பிள்ளையைத்தான், 1908 ஆகஸ்ட் 11 அன்று, பதினெட்டு வயதில், வெள்ளைக்காரர்கள் முசாபர்பூர் சிறையில் தூக்கிலிட்டார்கள். விடுதலைப் போராட்ட வீரர் குதிராம் போஸைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அக்காவின் ஞாபகம்தான் வரும்.

மங்கோலியாவில் நெர்குய் என்றால் பெயரில்லாதவர், எனெபிஷ் என்றால் ‘இது இல்லை’. தேடி வரும் பேய் ஏமாந்து போகட்டும் என்றுதான் அப்படி வைத்தார்கள். நைஜீரியாவின் யொருபா மக்களோ பிள்ளையிடமே கெஞ்சுகிறார்கள். இறந்து இறந்து அதே தாயிடம் திரும்பப் பிறக்கும் பிள்ளையை அவர்கள் ‘அபிக்கு’ என்பார்கள். அதற்கு மாலோமோ என்று பெயர் வைப்பார்கள், ‘இனி போகாதே’ என்று. கோசோகோ என்றால் ‘மண்வெட்டி இல்லை’, அதாவது உனக்குக் குழி தோண்ட இங்கே எதுவும் கிடையாது. 1845 முதல் 1851 வரை லாகோஸை ஆண்ட மன்னருக்கு அதுதான் பெயர். மகனுக்குப் பட்டம் வரட்டும் என்று வைத்த பெயரா அது? உயிர் தங்கட்டும் என்று வைத்தது.

பேத்திக்கு என்ன பெயர் என்பதை உங்கள் மகளும் மருமகனும் முடிவு செய்யட்டும். நீங்கள் வற்புறுத்த வேண்டாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் குப்பம்மாளைக் கேட்டு யாரும் சிரிக்காதபடி இந்த விஷயத்தை வீட்டில் சொல்லுங்கள். அந்தத் தலைமுறையில் யாராவது இன்னும் இருந்தால், பாட்டிக்கு முன்னால் பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்னென்ன பெயர் என்று கேட்டு எழுதி வையுங்கள்.